மண்ணை நம்பியவர்: ஹசன் ஃபாதி

(ஒரு பழைய மாணவர், சிவில், 1974–79)



மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, ஹாஸ்டல் கதைகளையும் மெஸ் சாம்பாரையும் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அதை என்னைவிடச் சுவையாக எழுத நம் குழுவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் நாற்பது வருஷம் செங்கல், சிமென்ட், கம்பி என்று ஓடிவிட்டவன். ஆகவே என் தொழிலைச் சேர்ந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த நேரத்தில் அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நம் சங்கம் இந்த ஆண்டு ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறையும் ஓர் அலுவலக அறையும் கட்டித் தருவதாக முடிவு செய்திருக்கிறது. பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது. வரைபடம் இன்னும் போடவில்லை. வரைபடம் போடுவதற்கு முன்னால் இவருடைய வாழ்க்கையை நாம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அவர் பெயர் ஹசன் ஃபாதி. எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர். மண்ணால் வீடு கட்டினார், மண்ணால் பள்ளிக்கூடம் கட்டினார், மண்ணால் ஒரு ஊரையே கட்டப் பார்த்தார். 1989-ல் காலமானார். நான் படித்த காலத்தில் நம் சிவில் பாடத்திட்டத்தில் அவர் பெயர் கிடையாது. நூலகத்தில் தற்செயலாகக் கையில் கிடைத்த ஒரு புத்தகத்தின் மூலம்தான் எனக்கு அவர் அறிமுகம்.

வயலைப் பார்க்காத பையன்

ஹசன் ஃபாதி 1900-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி அலெக்ஸாண்ட்ரியா நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். கிராமங்களில் நிலபுலன் இருந்தது. ஆனால் அப்பாவுக்குக் கிராமம் என்றாலே ஆகாது. ஈ, கொசு, அழுக்குத் தண்ணீர் என்று அந்தப் பக்கமே பிள்ளைகளை விடமாட்டார். அம்மாவோ நேர்மாறு. சின்ன வயதில் தான் இருந்த கிராமத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அப்பாவின் பயமும் அம்மாவின் ஏக்கமும் சேர்ந்து, பார்க்காத கிராமத்தின் மேல் பையனுக்கு ஒரு பெரிய ஆசை வளர்ந்துவிட்டது.

விவசாயம் படிக்க வேண்டும் என்று விவசாயக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போனார். வயல் வேலை பற்றிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை. வயலையே பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? தேர்ச்சி பெறவில்லை. அதன் பிறகுதான் கட்டடக்கலைக்கு வந்தார். 1926-ல் கெய்ரோவில் பட்டம் பெற்றார். குடும்பத்துப் பண்ணை ஒன்றில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தபோது வயது 27. அங்கே உழைப்பவர்கள் குடியிருந்த குடிசைகள் அவரை உலுக்கிவிட்டன.

முதல் வேலை ஒரு பள்ளிக்கூடம்

பட்டம் பெற்றதும் உள்ளாட்சித் துறையில் வேலை கிடைத்தது. அங்கே அவர் கையில் கொடுக்கப்பட்ட ஆரம்ப வேலைகளில் ஒன்று, நைல் கழிமுகத்தில் உள்ள தல்கா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவது. இதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் மண் கட்டடத்துக்குப் பெயர் பெற்றவர் முதலில் கட்டிய பள்ளிக்கூடம் ஐரோப்பியப் பாணியில் அமைந்தது. கல்லூரியில் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தினமும் அந்த ஊரின் சேறும் சகதியுமான தெருக்களைக் கடந்துதான் வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் தூண் வைத்த கம்பீரமான பள்ளி எழும்புகிறது. இன்னொரு பக்கம் அதில் படிக்கப் போகும் பிள்ளைகளின் வீடுகள் மனிதர் வாழ லாயக்கில்லாமல் கிடக்கின்றன. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1930-ல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கிருந்தபடி விவசாயி வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்.

அவர் யோசனை ரொம்ப எளிமையானது. எகிப்து விவசாயி ஆயிரக்கணக்கான வருஷமாகக் காலடி மண்ணைக் குழைத்து, வைக்கோல் கலந்து, வெயிலில் காயவைத்து வீடு கட்டியிருக்கிறான். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், காசும் வேண்டாம். அதை ஏன் நாம் ஏழைத்தனத்தின் அடையாளம் என்று ஒதுக்க வேண்டும்? நன்றாகத் திட்டமிட்டால் அதே மண்ணில் அழகான, காற்றோட்டமான, சுத்தமான வீடு கட்ட முடியாதா? 1937-ல் மண் வீடுகளுக்கான தம்முடைய வரைபடங்களைக் கண்காட்சியாக வைத்தார். நிலம் வைத்திருந்த சிலர் தங்கள் பண்ணைகளில் அப்படிக் கட்டித் தரச் சொன்னார்கள்.

கூரைதான் பிரச்சினை

சுவர் எழுப்பிவிடலாம். கூரைக்கு என்ன செய்வது? எகிப்தில் நல்ல மரம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போர் வந்தது. மரமும் இரும்பும் வரத்து நின்றது. அப்போது பஹ்தீம் என்ற இடத்தில் ராயல் விவசாயச் சங்கத்தின் பண்ணைக்கு வீடுகள் கட்ட வேண்டியிருந்தது. மரமே இல்லாமல் மண் செங்கல்லால் வளைவுக் கூரை போடலாம் என்று முயன்றார். இடிந்து விழுந்தது. மறுபடி முயன்றார். அதுவும் விழுந்தது. அடியில் முட்டுக் கொடுத்து சென்ட்ரிங் அடித்தால் நிற்கும். ஆனால் முட்டுக்கும் மரம் வேண்டுமே! மரம் இல்லை என்றுதானே வளைவுக்கே போனார்.

இந்த இடத்தில் அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் கை கொடுத்தார். அவர் அஸ்வான் அணையில் வேலை பார்த்தவர். தெற்கே நூபியா நாட்டு ஜனங்கள் முட்டே கொடுக்காமல் வளைவுக் கூரை போடுகிறார்கள் என்று சொன்னார். 1941-ல் ஃபாதி அஸ்வானுக்குப் புறப்பட்டார். அஸ்வான் ஊரில் ஒன்றும் சிறப்பாக இல்லை. ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த கர்ப் அஸ்வான் என்ற கிராமத்துக்குள் நுழைந்தபோதுதான் தேடியது கிடைத்தது. தெருத் தெருவாக வெள்ளையடித்த மண் வீடுகள், எல்லாவற்றுக்கும் மண் வளைவுக் கூரை. எந்த என்ஜினியரும் போட்டுக் கொடுத்த பிளான் கிடையாது. அதே பயணத்தில், லக்ஸருக்கு எதிரே உள்ள ரமஸேயம் கோயிலின் பின்புறத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய தானியக் கிடங்குகளையும் பார்த்தார். அவற்றின் கூரையும் இதே மண் வளைவு!

கொத்தனார் கற்றுக்கொடுத்த பாடம்

அந்த வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிவில்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும்.

அறையின் இரண்டு பக்கச் சுவரும் ஓர் உயரத்தில் நிற்கும். பின்சுவரை மட்டும் உயரமாக எழுப்புவார்கள். அந்தப் பின்சுவரில் ஈர மண்ணால் வளைவின் கோட்டைக் கண்ணளவிலேயே போடுவார் கொத்தனார். சங்கிலியை இரண்டு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைவு வரும் அல்லவா, அதைத் தலைகீழாகத் திருப்பிய உருவம். அந்த உருவத்தில் பாரம் முழுவதும் அழுத்தமாகவே கீழே இறங்கும். வளைக்கும் விசை கிடையாது. இழுவிசை தாங்காத மண்ணுக்கு அதுதான் பொருத்தம். நாம் இரண்டாம் ஆண்டில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதை, பள்ளிக்கூடமே போகாத அந்தக் கொத்தனார் கையால் இழுத்துவிட்டுப் போய்விடுவார்.

பிறகு செங்கல். கூரைக்கான செங்கல் மெல்லியது. வைக்கோல் கூடுதலாகச் சேர்ப்பதால் எடையும் குறைவு. ஈரமாக இருக்கும்போதே விரலால் கோடு கிழித்துவிடுவார்கள், சாந்து பற்றிக்கொள்வதற்காக. முதல் வரிசையை நேராக நிறுத்தாமல் பின்சுவரின் மேல் சாய்த்து ஒட்டுவார்கள். அடுத்த வரிசை அதன் மேல் சாயும். இப்படியே ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து வருவதால் எந்த நிலையிலும் செங்கல் கீழே விழாது. கருவி என்றால் ஒரு வாய்ச்சியும் இரண்டு கையும்தான். மூன்று மீட்டருக்கு நாலு மீட்டர் அறைக்கு ஒன்றரை நாளில் கூரை முடிந்துவிடும்.

ஃபாதி அந்த நூபியக் கொத்தனார்களைப் பஹ்தீமுக்கு அழைத்து வந்தார். தாம் இரண்டு முறை தோற்ற இடத்தில் அவர்கள் சர்வ சாதாரணமாகக் கட்டி முடித்ததை நின்று பார்த்தார். அதற்குப் பிறகு கடைசிக் காலம்வரை கொத்தனாரைத் தமக்குச் சமமான தொழில் பங்காளியாகவே நடத்தினார். வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவருக்கும் கரணை பிடிப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் ஒரு நகரத்துப் பேராசிரியர் இப்படி இறங்கி வந்தது பெரிய விஷயம்.

குர்னா: கட்டிய ஊர், குடிவராத மக்கள்

இனி அவர் வாழ்க்கையின் பெரிய சோதனை. லக்ஸருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய எகிப்துப் பிரபுக்களின் கல்லறைகள் நிறைந்த ஒரு மலைச்சரிவு. அந்தக் கல்லறைகளின் மேலேயே குர்னா என்ற ஊர் இருந்தது. சுமார் 7,000 பேர். அவர்களில் பலருக்குப் பிழைப்பே அந்தக் கல்லறைகளால்தான். வழிகாட்டி வேலை, தோண்டும் வேலை, பழம்பொருள் வியாபாரம். ஒரு கல்லறையிலிருந்து புடைப்புச் சிற்பம் ஒன்றே பெயர்த்து எடுக்கப்பட்டது. விஷயம் பெரிதானது. ஊரையே காலி செய்து வேறு இடத்தில் குடியமர்த்த அரசு முடிவெடுத்தது. புது ஊர் கட்டும் பொறுப்பைத் தொல்பொருள் துறை 1945-ல் ஃபாதியிடம் கொடுத்தது.

அவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? சுமார் 900 குடும்பங்களுக்கு வீடு. எல்லா வீட்டையும் ஒரே அச்சில் வார்க்க அவர் சம்மதிக்கவில்லை. பத்து இருபது பங்காளிக் குடும்பங்கள் சேர்ந்து வாழ்வது அங்கே வழக்கம். ஆகவே ஒவ்வொரு பங்காளிக் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு முற்றம் வைத்து, சுற்றி வீடுகளை அமைத்தார். பள்ளிவாசல், சந்தை, ஊர் மன்றம், நாடக அரங்கு, பள்ளிக்கூடம் எல்லாம் திட்டத்தில் இருந்தன. நூபியக் கொத்தனார்களை வரவழைத்து, உள்ளூர்ப் பையன்களை அவர்களிடம் வேலை பழகவிட்டார். ஊர் கட்டி முடியும்போது ஊருக்கே சொந்தமாகக் கொத்தனார்கள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கான்ட்ராக்டர் வருவார், கட்டுவார், பில் வாங்குவார், போய்விடுவார் என்ற முறையே அவருக்குப் பிடிக்காது.

1946-ல் வேலை தொடங்கியது. அரசு அலுவலக நடைமுறைகளோடு அவர் பட்ட பாடு தனிக்கதை. மண்ணில் கலக்கும் வைக்கோலுக்குக்கூட அலைய வேண்டியிருந்தது. கூலிப் பணம் நேரத்துக்கு வராது. அரசு வேலை எடுத்துச் செய்த நண்பர்கள் இதைப் படித்து, அங்கேயும் இப்படித்தானா என்று சிரிப்பார்கள்.

ஆனால் பெரிய தடை அலுவலகத்தில் இல்லை, ஊரிலேயே இருந்தது. குர்னா மக்களுக்கு இடம் மாற விருப்பமே இல்லை. கல்லறையை விட்டுக் கீழே இறங்கினால் சாப்பாட்டுக்கு வழி என்ன? வீட்டைப் பற்றிப் பேச ஃபாதி கூப்பிட்டபோது அவர்கள் ஒதுங்கியே நின்றார்கள். ஒரு நாள் இரவு புது ஊரைக் காத்து நின்ற கரையை வெட்டிவிட்டார்கள். நைல் வெள்ளம் உள்ளே பாய்ந்தது. வெயிலில் காய்ந்த மண் கட்டடத்துக்குத் தண்ணீரைவிட வேறு எமன் உண்டா? ஆள் திரட்டிக் கரையை அடைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் ஊருக்கும் திட்டத்துக்கும் நடுவில் விழுந்த உடைப்பை அடைக்க முடியவில்லை. 1940-களின் முடிவில் வேலை நின்றது. திட்டமிட்டதில் ஒரு சிறு பகுதிதான் முடிந்திருந்தது. பழைய குர்னா மக்கள் குடிவரவில்லை.

இதற்குக் காரணம் பல சொல்வார்கள். கும்மட்டம் வைத்த கூரை அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சமாதியை நினைவூட்டியது என்பார்கள். நூபியாவின் கூரையைக் கொண்டுவந்து நூபியா அல்லாத ஊரில் வைத்தார் என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இன்னும் எளிய காரணம். ஊர் மாற வேண்டும் என்று முடிவெடுத்தது அரசு. எப்படிப்பட்ட வீடு என்று முடிவெடுத்தது ஃபாதி. குடியிருக்க வேண்டியவர்களிடம் கேள்வி வந்து சேர்ந்தபோது, பதில் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. இத்தனைக்கும் ஃபாதி அவர்கள் மேல் உண்மையான அன்பு வைத்தவர். அன்பு வைத்தவருக்கே இந்தக் கதி!

இன்னொன்றையும் பாருங்கள். 1933-ல் அஸ்வான் அணையை இரண்டாம் முறை உயர்த்தியபோது நூபியர்களின் ஊர்கள் தண்ணீரில் மூழ்கின. அவர்கள் மேட்டுக்கு ஏறி, ஒருவருக்கொருவர் கை கொடுத்து, தங்கள் ஊர்களைத் தாங்களே திரும்பக் கட்டிக்கொண்டார்கள். அதே மண், அதே வளைவு. ஒரு வித்தியாசம்தான். அங்கே கட்டியவர்களும் குடியிருந்தவர்களும் ஒரே ஆட்கள்.

பள்ளிக்கூடங்களும் காற்றும்

குர்னாவின் பள்ளிக்கூடத்தில் ஃபாதி செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அரபு நாட்டு வீடுகளில் மல்காஃப் என்று ஓர் அமைப்பு உண்டு. கூரைக்கு மேல் புகைபோக்கி போல நிற்கும். வாய் மட்டும் காற்றடிக்கும் திசையைப் பார்த்து இருக்கும். மேலே அடிக்கும் காற்று கீழே வீசும் காற்றைவிடக் குளிர்ச்சி, தூசியும் குறைவு. அதைப் பிடித்து அறைக்குள் இறக்கிவிடும். ஃபாதி அதன் உள்ளே அடுப்புக்கரி நிரப்பிய தட்டுகளைச் சாய்வாக வைத்து, கரியைத் தண்ணீரால் நனைத்து வைத்தார். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம்தான். வகுப்பறையின் வெப்பம் 10 டிகிரி செல்ஷியஸ் குறைந்தது. கரண்ட் செலவு கிடையாது.

குர்னா நின்றுபோன பிறகு, 1949 முதல் 1952 வரை கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கட்டடத் துறைக்கு அவர் இயக்குநராக இருந்தார். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக மேல் எகிப்தில் ஃபாரிஸ் என்ற கிராமத்தில் ஒரு தொடக்கப் பள்ளி எழுந்தது. மண் செங்கல், கும்மட்டக் கூரை, மல்காஃப் வைத்த வகுப்பறைகள். இங்கே யாரையும் இடம்பெயர்க்கவில்லை. ஊர் இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு பள்ளி வந்தது. ஆனால் அதைப் பார்த்து நாடெங்கும் அப்படிப் பள்ளிகள் எழவில்லை. கான்கிரீட்தான் முன்னேற்றம் என்று எல்லா நாட்டு அரசுகளும் நம்பிய காலம் அது. 1957-ல் ஃபாதி எகிப்தை விட்டு கிரீஸ் நாட்டுக்குப் போய், ஏதென்ஸில் சில வருஷம் வேலை பார்த்தார்.

திரும்பி வந்தபின் 1964-ல் கெய்ரோவில் ஒரு சோதனை நடந்தது. ஒரே இடத்தில் மாதிரி அறைகள் கட்டினார்கள். ஒன்று 50 சென்டிமீட்டர் மண் சுவரும் மண் கூரையும் கொண்டது. இன்னொன்று 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளால் ஆனது. நாள் முழுக்க வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். மண் அறையில் 24 மணி நேரத்தில் வெப்பம் ஏறி இறங்கியது 2 டிகிரிக்குள். கான்கிரீட் அறை 36 டிகிரிக்குப் போனது. அதாவது மண் அறையைவிட 13 டிகிரி, வெளிக்காற்றைவிடவே 9 டிகிரி அதிகம். வெளியே மரத்தடியில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பதைவிடச் சுகம் என்றால், அந்தக் கட்டடம் எதற்கு? நம் ஊரில் மொட்டை மாடிக்குக் கீழே ஏப்ரல் மாதம் பரீட்சை எழுதியவர்கள் யாருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து கார்கா பாலைவனச் சோலையில் புது பாரிஸ் என்ற ஊர். ஆழ்கிணற்றுத் தண்ணீரை நம்பி 250 குடும்பங்களுக்குத் திட்டமிட்டது. அங்கே சந்தைக் கட்டடத்தில் காய்கறி கெடாமல் வைக்க, காற்றுப் போக்கிகளால் மட்டுமே வெளிவெப்பத்தைவிட 15 டிகிரி குறைத்துக் காட்டினார். 1967 ஜூன் போர் வந்தது. வேலை நின்றது. மறுபடி தொடங்கவே இல்லை.

ஒரு புத்தகமும் இரண்டு தலைப்பும்

கட்டடத்தால் பரவாத பெயர் எழுத்தால் பரவியது. குர்னாவில் நடந்ததை நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் ஒரு புத்தகமாக எழுதினார். 1969-ல் எகிப்துக் கலாச்சார அமைச்சகம் அதைக் கொஞ்சம் பிரதிகளே அச்சிட்டு வெளியிட்டது. 1973-ல் சிகாகோ பல்கலைக்கழகம் மறுபதிப்பு போட்ட பிறகு உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. சிகாகோ பதிப்பின் தலைப்புக்குப் பொருள், ஏழைகளுக்கான கட்டடக்கலை. பிரெஞ்சுப் பதிப்பின் தலைப்புக்குப் பொருள், மக்களோடு சேர்ந்து கட்டுதல். ஒரே புத்தகம்தான். ஆனால் ஏழைகளுக்காக என்பதற்கும் மக்களோடு என்பதற்கும் நடுவில்தான் குர்னாவின் முழுக்கதையும் இருக்கிறது என்று எனக்குப் படும்.

பெருமைகள் கடைசிக் காலத்தில் வந்தன. 1980-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு, அதே ஆண்டு சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது. எண்பது வயதைக் கடந்தும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஒரு பள்ளிவாசல் வேலைக்குப் போனார். கூட அழைத்துப் போனது யாரை? நூபியக் கொத்தனார்களைத்தான். கெய்ரோவின் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில், பூனைகள் சூழ, எளிமையாக வாழ்ந்தார். 1989 நவம்பர் 30-ஆம் தேதி காலமானார்.

அவர் போன பிறகு

பழைய குர்னாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2006-ன் இறுதியில் அந்த மலைச்சரிவு வீடுகளை இடிக்கத் தொடங்கி, மக்களை அரசு வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டது. ஃபாதியின் புது குர்னாவோ நிலத்தடி நீரும் உப்பும் ஏறி அரித்துக்கொண்டிருந்தது. 2010-ல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் அது இடம்பெற்றது. அறுபது வருஷத்துக்கு முன்னால் குடிவர ஆளில்லாத ஊர், இப்போது பாதுகாக்க வேண்டிய ஊர்!

அவர் வழி அழியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 2000-ல் தொடங்கிய நூபிய வளைவுச் சங்கம், கிராமத்து இளைஞர்களுக்கு முட்டில்லாத மண் வளைவு போடும் தொழிலைக் கற்றுக் கொடுக்கிறது. வேலை பழகியவர்கள் தங்கள் ஊரில் வீடும், பள்ளியும், அலுவலகமும் கட்டிப் பிழைக்கிறார்கள். கூரைக்கு மரம் வெட்டுவதும் இல்லை, தகரம் வாங்குவதும் இல்லை. அதே நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் ஊர் ஜனங்களையே சேர்த்துக்கொண்டு 2001-ல் மண் பள்ளிக்கூடம் கட்டிய ஃபிரான்சிஸ் கெரே, 2022-ல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கரை வாங்கினார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் பார்வையாளர் மையத்துக்குப் போனவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். அழுத்திச் செய்த, சுடாத மண் கற்களால் கட்டிய 1,200 சதுர மீட்டர் கட்டடம். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே சிமென்ட் கலந்த கற்கள். அந்தக் கட்டடத்துக்கு 1992-ல் கிடைத்த விருது ஹசன் ஃபாதியின் பெயரால் வழங்கப்பட்டது. நம் மண்ணும் மழையும் எகிப்து போல அல்ல என்பார்கள். சரிதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை அங்கேயும்தான் பெய்கிறது. அடித்தளத்தை உயர்த்தி, கூரையை வெளியே நீட்டி, மழை நீர் சுவரில் படாமல் பார்த்துக்கொண்டால் மண் சுவர் நிற்கும் என்பதை அங்கே போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

நம் வேலை

சரி, நம் சங்கத்தின் வகுப்பறைக்கு வருவோம். எல்லாவற்றையும் மண்ணிலேயே கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபாதியே எகிப்துக்கு எது பொருந்துமோ அதைத்தான் தேடினார். நம்மிடம் மெட்ராஸ் டெரஸ் இருந்தது, நாட்டு ஓடு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. அவற்றில் கை பழகிய கொத்தனார்கள் இன்னமும் சில ஊர்களில் இருக்கிறார்கள். எது சரி என்று முடிவு செய்யும் முன் மூன்று காரியம் செய்வோம் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒன்று, வரைபடத்தைத் தயாரித்து எடுத்துக்கொண்டு போகாமல், வெறுங்கையோடு அந்தக் கிராமத்துக்குப் போவோம். தலைமை ஆசிரியை, சத்துணவு சமைக்கும் அம்மா, பெற்றோர்கள், முடிந்தால் பிள்ளைகள், எல்லாரிடமும் உட்கார்ந்து பேசுவோம். வகுப்பறைதான் அவர்களுக்கு முதலில் வேண்டுமா, அல்லது கழிப்பறையும் சுற்றுச்சுவருமா என்பதையே அப்போதுதான் தெரிந்துகொள்வோம். நாம் கொடுப்பவர்கள் என்பதால் நமக்குத் தெரியும் என்று ஆகிவிடாது.

இரண்டு, ஏப்ரல் மாத மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பள்ளியின் இப்போதைய அறையில் வெப்பமானி வைத்து அளப்போம். சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இதைச் செய்யலாம். தெற்கு வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஊரில் என்ன மண், என்ன கல், எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்று குறித்து வரட்டும். நல்ல ப்ராஜெக்டாகவும் ஆகும்.

மூன்று, டெண்டர் விடும் முன் அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் கொத்தனார், சித்தாள் யார் யார் என்று பார்ப்போம். நாம் கொடுக்கும் பணத்தில் கூலிப்பங்கு அந்த ஊரிலேயே தங்கட்டும். பத்து வருஷம் கழித்து ஒரு ஓடு உடைந்தால், கட்டியவரே சைக்கிளில் வந்து மாற்றிப் போட்டுவிட்டுப் போகலாம்.

இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு வருஷம் ஆகும் என்று பொருளாளர் கவலைப்படுவார். ஆகட்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கிராமத்துக்குப் போகும் முதல் குழுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவன், எந்த நாளானாலும் வருவேன்.